சருவத்தில் வெட்டியிருந்த எழுத்துகள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில்தான் எனக்கு எழுத்து அறிமுகமாயிற்று. என் ஆத்தா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துவந்தார். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று விசேஷம் வந்துவிட்டால், பூட்டிக்கிடந்த அறைகளிலிருந்து அண்டாவும் தவலையும் சருவமும் முற்றத்தில் வந்து குவியும். அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்த பிறகு, எது எந்தப் புள்ளியின் சாமான் என்று பிரித்து அடுக்கவேண்டும். செட்டிநாட்டில் நகரத்தார் வழக்கில் புள்ளி என்பது திருமணமான ஒரு குடும்பம். அண்ணன் தம்பிகள் ஒரே வளவில் இருந்தாலும், வேறு வைத்துவிட்டால் ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு சாமான். அதனால் ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும் உடையவரின் விலாசத்தை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளையும் அவருடைய முதலெழுத்தையும், வெட்டிவைத்திருப்பார்கள்.

அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவருக்கும் விலாசத்தின் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே. கடைசி எழுத்து மட்டும் ஒருவருக்குச் ‘சொ’, மற்றவருக்கு ‘மெ’. ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு நாள்கூட அவர் சாமானை மாற்றி அடுக்கியதில்லை. “முன்னாலயும் பின்னாலயும் காவல் நிக்கிறது பெரியவுக சாமான், முன்னால மட்டும் காவல் நிக்கிறது சின்னவுக சாமான்” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்து, சின்னக் கிண்ணங்களையும் மூடிகளையும் பிரிக்கும் வேலையை என்னிடம் விட்டார். அப்போது எனக்கு நான்கு வயதிருக்கும். பள்ளியில் ஆசிரியை கரும்பலகையில் ஒற்றைக்கொம்பு எழுதியபோது, அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த காவற்காரராக இருந்தது.

இருபதாண்டுகளுக்கும் மேலாக ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். குழந்தைகள் தடுமாறும் இடங்களுள் இந்தக் கொம்பு முதன்மையானது. வாய் மெய்யொலியை முதலில் சொல்லி உயிரொலியைப் பிறகு சொல்கிறது. கையோ கொம்பை முதலில் போட்டுவிட்டு மெய்க்குரிய வடிவத்தைப் பிறகு எழுதவேண்டியிருக்கிறது. 247 எழுத்துகள் என்று சொல்லி நாம் அச்சுறுத்துகிறோமே தவிர, ஒரு குறி எங்கே நிற்கிறது, அங்கே நிற்பதால் என்ன மாறுகிறது என்று பார்க்கப் பழகிய குழந்தைக்கு அந்த எண்ணிக்கை பெரிய சுமையாக இருப்பதில்லை. அந்தப் பார்வையை எனக்குக் கொடுத்தவர் எழுத்தறியாத ஒரு பெண் என்பதை நான் எல்லாப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிறேன்.

கண்ணுக்கு முன்பே காது பழகிவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துத் தாலாட்டுகளில் மாமன் கொண்டுவந்த சீர்வரிசை நீளமாக வரும். எதுகையும் மோனையும் ஒரு சொல்லின் கையைப் பிடித்து அடுத்த சொல்லை இழுத்துவரும். 1983இல் பிராட்லி, பிரையண்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் ஏறத்தாழ நானூறு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, நான்கைந்து வயதில் சொற்களின் ஒலி ஒற்றுமையை இனங்காணத் தெரிந்த குழந்தைகள் சில ஆண்டுகள் கழித்து வாசிப்பில் முன்னே நின்றதைக் கண்டறிந்தார்கள். அதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது தூளியின் சத்தம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த இராயவரம் இதே செட்டிநாட்டைச் சேர்ந்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

ஆனால் எனக்குப் படிப்பைப் படிப்பாக ஆக்கியவை அண்ணனின் கடிதங்கள். அண்ணன் திருச்சியில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தார்; மாதம் ஒரு இன்லேண்டு லெட்டர் வரும். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் அந்தத் தமிழை எங்கள் தெருவில் யாரும் பேசியதில்லை. எழுத்துக் கூட்டி நான் வாசிக்க, “ஆவல்னா என்னடி?” என்று ஆத்தா கேட்பார், அவருக்குச் சொல்வதற்காகவாவது அதன் பொருளை நான் தேடியாகவேண்டும். ஒரு முறை ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று இருந்ததை அவசரத்தில் ‘வந்துவிட்டது’ என்று படித்துவிட்டேன். ஆத்தாவின் முகம் மாறிவிட்டது. அடுத்த வரியில் அண்ணன் வழக்கம்போலக் கடைக்குப் போய்வருவதாக எழுதியிருந்தார். ஆத்தா சற்று யோசித்துவிட்டு, “காய்ச்சக்காரன் எப்படிடி கடைக்குப் போவான்? திரும்பப் படி” என்றார்.

முன் வரியும் பின் வரியும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் திரும்பிப்போய்ப் படிப்பதுதான் வாசிப்பின் உயிர்நாடி. ஆசிரியர் பயிற்சியில் அதற்கு எத்தனையோ பெயர்கள் சொன்னார்கள். நான் அதைக் கற்றது அந்த நீலத் தாளில்தான். தமிழ்க் குழந்தைக்கு இதில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறொன்று. பின்னதைப் பள்ளிக்கு வருமுன் ஒரு தடவைகூடக் காதால் கேட்காத குழந்தை, எழுத்துகளை எல்லாம் சரியாகச் சொல்லியும் வாக்கியத்தின் வாசலில் நின்றுவிடுகிறது.

வீடு நிறையப் புத்தகம் வேண்டும் என்று பெற்றோர் என்னிடம் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாகவே இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடுகள் இருந்த மண் இது. இருந்தாலும், அலமாரியில் இருக்கும் புத்தகத்தைவிட அதைச் சுற்றி நடக்கும் பேச்சு பெரிது என்றே நான் நம்புகிறேன். 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், படக்கதையை வெறுமனே படித்துக்காட்டாமல் இடையிடையே கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேசவைத்த பெற்றோரின் குழந்தைகள், ஒரே மாதத்தில் பேச்சுத்திறனில் முன்னேறியிருந்தார்கள். கைப்பேசிக் காணொளியிலும் கதை வருகிறது, பாட்டு வருகிறது. குழந்தையின் பதிலுக்காக அது காத்திருப்பதில்லை என்பதுதான் என் கவலை.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். அவனை வளர்ப்பவர் அப்பத்தா. ஆத்தங்குடிக் கல் என்னும் தரைக்கல்லைச் செய்யும் இடத்தில் அவருக்கு வேலை. வீட்டில் கைப்பேசிக்கு வரும் ரேஷன் கடைக் குறுஞ்செய்தியை அவனைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள் என்றேன். “எனக்கே எழுத்துத் தெரியாதே டீச்சர், அவன் தப்பாப் படிச்சா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார். அண்ணனின் காய்ச்சல் கதையை அவருக்குச் சொன்னேன். மாதக் கடைசியில் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, பையன் ‘பருப்பு’ என்று படித்ததாகவும், இந்த மாதம் நாம் பருப்பு வாங்கவில்லையே என்று தாம் மூன்று தரம் திரும்பப் படிக்கச் சொன்னதாகவும், மூன்றாம் தரத்தில் அவன் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் போய்ப் ‘பச்சரிசி’ என்று கண்டுபிடித்ததாகவும் சொன்னார். முதலெழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்லும் பழக்கம் அவனுக்கு இருந்திருக்கிறது. முப்பது பேர் சேர்ந்து வாசிக்கும் என் வகுப்பில், அது என் காதில் அதுவரை விழவே இல்லை.