கொழுப்பை வெட்டாதீர்கள், அளந்து சாப்பிடுங்கள்

ஜிம்மில் சேர்ந்ததும் பலர் முதலில் தூக்கி எறிவது முட்டையின் மஞ்சள் கருவைத்தான். தயவுசெய்து வேண்டாம். ஒரு முட்டையின் 6 கிராம் புரதத்தில் ஏறக்குறைய 2.7 கிராம் மஞ்சளில் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, கோலின் என்ற சத்து எல்லாம் அதில்தான். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

70 கிலோ எடைக்கு நாளொன்றுக்குப் புரதம் 110 கிராம், கொழுப்பு 55 முதல் 70 கிராம் வரை போதும். கணக்கு தப்புவது தாளிப்பில். கேனைச் சாய்த்து கண்ணளவாக ஊற்றுகிறோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 14 கிராம் கொழுப்பு, 120 கலோரி. செக்கில் ஆட்டியது என்பதால் கலோரி குறைந்துவிடாது. காலையிலேயே அன்றைய எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், சமையல் அதற்குள் முடியட்டும்.

வேர்க்கடலை அருமையான உணவு, ஆனால் புரதத்துக்கு அதை மட்டும் நம்பினால் தொப்பைதான் வரும். 30 கிராமில் புரதம் 7 கிராம்தான், கொழுப்பு 15. ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். சுருங்கிய, கசக்கிற, பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறியுங்கள்; பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

வாரம் இரண்டு நாள் மத்தி மீன். ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு தாராளம், விலையும் குறைவு. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

பயிற்சிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கடலை, நெய் வேண்டாம். கொழுப்பு செரிக்க நேரமாகும். ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போடும்போது வயிறு புரட்டும். அப்போது வாழைப்பழம் போதும்.