அரை அங்குலம்

பிப்ரவரி 9

வீட்டு வாசலின் பழைய கான்கிரீட் தளத்தை உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் அடி அம்மா தடுக்கி விழுந்த அந்த மேட்டில்தான் விழ வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன். அவர் காரணம் கேட்கவில்லை. சம்மட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

உடைந்த துண்டுகளை அளந்தேன். ஓரிடத்தில் மூன்று அங்குலத் தடிமன், இன்னோரிடத்தில் இரண்டே கால். வாசலிலிருந்து தெரு வரை 30 அடி நீளத்தையும் ஒரே பலகையாக, கரிசல் மண்ணின் மேல் நேராக ஊற்றியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வெட்டுகூட இல்லை. கம்பி வலை போட்டிருக்கிறார்கள், ஆனால் அது கான்கிரீட்டுக்கு அடியில் மண்ணோடு மண்ணாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. வலையைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் வலையை விரித்து, அதன் மேலேயே மிதித்து நடந்திருப்பார்கள். அங்கே கிடக்கும் கம்பி எதையும் பிடித்து வைக்காது.

பிப்ரவரி 10

மருத்துவமனையிலிருந்து அக்கா பேசினாள். அம்மா இன்று பத்து நிமிடம் உட்கார்ந்தாளாம்.

பிப்ரவரி 11

இந்த முறை மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சட்டி கலவைகூடப் போட விடமாட்டேன். இரண்டடி ஆழத்தில் எடுத்த மண்ணை உலர்த்தி, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குழல்களில் போட்டேன். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களிமண் உப்புவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மண்ணின் குணம். 24 மணி நேரம் அசைக்கக் கூடாது. குழல்கள் இருக்கும் அறையில் மின்விசிறியைக்கூடப் போடவில்லை.

பிப்ரவரி 12

மண்ணெண்ணெயில் 11 மில்லி. தண்ணீரில் 21. கணக்குப் போட்டால் 91 விழுக்காடு வருகிறது. ஐம்பதைத் தாண்டினாலே மிக அதிகம் என்று வைத்திருக்கிறார்கள்.

குழலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமத்தின் வேலை இது. ஏடு ஏடாக அடுக்கிய அதன் துகள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் ஏடுகள் விலகும், வறண்டால் மறுபடி நெருங்கும். தளத்தின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மழையும் வெயிலும் ஓரங்களைத்தான் தொடுகின்றன. ஓரம் மழைக்கு எழும்பும், கோடைக்கு அமுங்கும், நடு அப்படியே கிடக்கும். ஆண்டுதோறும் இப்படி வளைத்து வளைத்து விட்டால் இரண்டே கால் அங்குலக் கான்கிரீட் என்ன செய்யும்? விரிந்தது. விரிந்த பிறகு ஒரு பக்கம் மட்டும் மேலே வந்தது.

நகத்தளவு இருந்தபோதே பார்த்தேன். அம்மா இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை, “இந்தத் தீபாவளிக்குள்” என்றேன். எந்தத் தீபாவளி என்று அம்மா கேட்கவில்லை.

பிப்ரவரி 14

மேஸ்திரியுடன் இன்று முழுவதும் வாக்குவாதம். ஒன்றரை அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்துதான். அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில் முட்டிக்கொண்டோம். அவர் மணல் என்றார். “தண்ணீர் விட்டால் மணல் தானாக இறுகிவிடும் தம்பி. நாற்பது வருடமாகச் செய்கிறேன்.” மணல் இறுகும்தான். ஆனால் சுற்றிலும் களிமண், நடுவில் மணல் என்றால் அது தொட்டி. பெய்யும் மழையெல்லாம் மணல் வழியாக இறங்கி அடியில் நிற்கும், கீழே இருக்கும் கரிசல் அதை நிதானமாகக் குடிக்கும். உப்பும் மண்ணுக்கு நாமே தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

நான் கேட்டது கிராவல் கலந்த செம்மண். உப்பாது, தண்ணீரையும் எளிதில் உள்ளே விடாது. சுண்ணாம்பு கலந்து கரிசலையே திருத்தலாம் என்பதும் உண்மைதான், ஆனால் அதைச் சீராகக் கலந்து ஊற வைக்க நாள் வேண்டும். என்னிடம் நாள் இல்லை.

சாயங்காலம் அவரிடம் இரண்டு குழல்களையும் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செம்மண்ணே போடுவோம்” என்றார். அவர் மேல் எனக்கிருந்த மதிப்பு இன்று கூடியது.

பிப்ரவரி 15

அரை அங்குலம். அந்த மேடு பதின்மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.

பிப்ரவரி 17

மரம். அண்ணன் தொலைபேசியில் ஒரே வரியில் முடித்துவிட்டான்: “வெட்டிவிடு.”

தளத்துக்கும் மரத்துக்கும் பன்னிரண்டு அடி. வேர்கள் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால்தான் அந்தப் பக்கம் அதிகமாக அமுங்கியது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வளர்ந்த மரத்தை வெட்டினால் அது இத்தனை ஆண்டுகளாகக் குடித்துக்கொண்டிருந்த ஈரம் முழுவதும் மண்ணுக்குத் திரும்பும். மண் மெல்ல மெல்ல உப்பும். ஒரே மழைக்காலத்தில் நின்றுவிடுகிற உப்பலும் அல்ல, ஆண்டுக்கணக்கில் எழும்பிக்கொண்டே இருக்கும். மரம் நிற்பதை விட அது கெடுதல். அப்பா நட்ட மரம் என்பதால் இப்படி நினைக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. அப்பா நடாத மரமாக இருந்தாலும் இதே பதில்தான்.

தளத்தின் ஓரமாக மூன்றடி ஆழத்துக்கு வாய்க்கால் தோண்டி, கனமான பிளாஸ்டிக் தாளைச் செங்குத்தாக நிறுத்தி மூடச் சொல்லிவிட்டேன். வேருக்கும் தடுப்பு, பக்கவாட்டில் வரும் ஈரத்துக்கும் தடுப்பு. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 20

செம்மண் மூன்று அடுக்காகப் போகிறது. ஒரு அடுக்கு அரை அடிக்கு மேல் இருந்தால் இயந்திரம் மேலே மட்டும்தான் இறுக்கும், அடி பொலபொலவென்றே இருக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கை மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்தேன். உருண்டை நிற்க வேண்டும். இடுப்புயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டுகளாக உடைய வேண்டும். தூளானால் தண்ணீர் குறைவு, சப்பையாக அமுங்கினால் அதிகம். இரண்டாவது அடுக்கு சப்பையாக அமுங்கியது. ஒரு நாள் காயவிட்டோம்.

பிப்ரவரி 21

மார்ச் 5-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் சொன்னாராம். அம்மா கேட்டாளாம்: “வாசல் வழியாகவா?” வேறு வழி எங்கே இருக்கிறது. அக்கா சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தளத்துக்கு வாட்டம் எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

60-க்கு 1. வீட்டுச் சுவரிலிருந்து தெரு வரை 30 அடிக்கு ஆறு அங்குல இறக்கம். தண்ணீர் ஓடிவிடும், சக்கர நாற்காலி தானாக உருளக் கூடாது. நாற்காலியில் யாரையாவது உட்கார வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 22

தூக்கம் வரவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பெல்ஃபவுண்டைன் என்ற ஊரில் 1891-இல் ஜார்ஜ் பார்த்தலொமியு என்பவர் கான்கிரீட்டில் தெரு போட்டார். அந்த நாட்டின் முதல் கான்கிரீட் தெரு. ஐந்து ஆண்டுகளுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஊரார் விட்டார்களாம். அதன் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. உறைபனியும் உருகலும் மாறி மாறி வரும் ஊர். அத்தகைய இடங்களில் இப்போது கலவைக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், உறையும் நீர் விரிவதற்கு இடம் வேண்டுமே. நமக்குப் பனி கவலை இல்லை. நம் எதிரி வெயிலும் காற்றும்.

ஐந்து ஆண்டு என்று எழுதிக் கொடுக்கும்போது அந்த மனிதருக்குக் கை நடுங்கியிருக்குமா?

பிப்ரவரி 23

நாளை போடுவதாக இருந்தது. நான்தான் நிறுத்தினேன். பகல் முழுவதும் வறண்ட காற்று. மேற்பரப்பின் ஈரத்தைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனால் கான்கிரீட் இறுகும் முன்பே மேலே விரிசல் விழும். மேஸ்திரிக்கு ஒரு நாள் கூலி நட்டம். கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 24

இணைப்புக் கம்பிகள். இதை எழுதாமல் தூங்கமாட்டேன்.

ஐந்து அங்குலத் தளத்துக்குப் பத்தடிக்கு ஒரு வெட்டு போதும். ஆகவே 30 அடியில் இரண்டு வெட்டு, பத்துக்குப் பத்தாக மூன்று சதுரங்கள். கான்கிரீட் சுருங்காமல் இருக்காது. விரிசல் எங்கே வரலாம் என்று நாம் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்கிறோம், வெட்டு என்பது அவ்வளவுதான். ஆனால் வெட்டின் அடியில் விரிசல் விழுந்த பின் அடுத்தடுத்த சதுரங்கள் தனித்தனிப் பலகைகள். ஒன்று எழும்பினால்?

அதற்காகத்தான் 16 மில்லிமீட்டர் வழவழப்பான கம்பிகள், அடிக்கு ஒன்றாக, தடிமனின் நடுவில், வெட்டுக்குக் குறுக்கே. ஒரு பாதிக்கு கிரீஸ் தடவ வேண்டும். அப்போது பலகை நீளவாக்கில் சுருங்கலாம், விரியலாம், மேலும் கீழும் மட்டும் தனியாக நகர முடியாது. ஒன்று எழும்பினால் மற்றதும் சேர்ந்து எழும்பும். மேடு உண்டாகாது.

“கார் நிறுத்தும் இடத்துக்கு இவ்வளவு எதற்கு தம்பி?” என்றார் மேஸ்திரி. அம்மா விழுந்த இடத்தைக் காட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் அவரே நூல் பிடித்தார். வெட்டு சரியாகக் கம்பிகளின் நடுவில் விழ வேண்டும் என்று பக்கப் பலகையில் ஆணி அடித்து அடையாளமும் வைத்தார்.

பிப்ரவரி 25

போட்டாகிவிட்டது.

ஐந்தேகால் மணிக்குத் தொடங்கினோம். காற்று இல்லை. அடியில் பிளாஸ்டிக் தாள், வீட்டுச் சுவரை ஒட்டி அரை அங்குலத் தெர்மோகோல் பட்டை. கம்பி வலை கவர் பிளாக்கின் மேல், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில், வெட்டு வரும் இடங்களில் அறுத்துவிடப்பட்டு. யாரும் வலையை மிதிக்காமலிருக்கப் பலகை போட்டிருந்தேன்.

தண்ணீர் வாளியை நானே வைத்துக்கொண்டேன். மூட்டைக்கு 50 கிலோ சிமெண்ட், தண்ணீர் அதில் பாதி என்றால் 25 லிட்டர். மணலிலேயே ஈரம் இருந்தது, மூட்டைக்குச் சேரும் 75 கிலோ மணல் ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கொண்டு வருகிறது. ஆகவே 22. பதினான்காவது மூட்டையின்போது அக்காவின் அழைப்பு வந்தது. திரும்பி வருவதற்குள் இயந்திரக்காரர் அரை வாளி கூட ஊற்றிவிட்டார். கலவை ரசம் போல வழிந்தது. அதைத் தளத்தில் போட விடவில்லை. வேலியோரக் குழிக்கு அனுப்பினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கான்கிரீட்டை ஆராய்ந்த அமெரிக்கர் டஃப் ஏப்ராம்ஸ் 1918-லேயே சொல்லிவிட்டார்: சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதுதான் வலிமையைத் தீர்மானிக்கிறது. கூட ஊற்றினால் பரப்புவது எளிது, அதற்கான விலையைத் தளம் பிறகு கொடுக்கும்.

மட்டப்பலகை இழுத்த பின் மேலே நீர் கசிந்து மின்னியது. சித்தாள் ஒருவர் சிமெண்ட் தூளைக் கொண்டு வந்தார், தூவினால் சீக்கிரம் இழுத்துவிடும் என்று. கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தத் தோல் ஓராண்டில் உரிந்துவிடும். நீர் தானாகப் போகும் வரை காத்திருந்தோம். பிறகு மரக்கட்டையால் தேய்த்து, துடைப்பத்தால் குறுக்கு வரி. சிமெண்ட் பால் பூசிக் கண்ணாடி மாதிரி வழித்துக் கொடுக்கவா என்றார் மேஸ்திரி. வேண்டாம். ஈரக்காலும் ஊன்றுகோலும் வழுக்கக் கூடாது.

பிற்பகல் மூன்று மணிக்கு வெட்டு. ஆழம் ஒன்றேகால் அங்குலம், தடிமனில் கால் பங்கு. ஓரங்கள் சிதறவில்லை. அதற்கு மேல் காத்திருந்தால் தானாகவே எங்காவது விரிந்திருக்கும், வெயில் அப்படி.

வெட்டு முடிந்ததும் ஈரச்சாக்கு. இப்போது மணி பதினொன்று. இரண்டு முறை போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருக்கிறது, உயிருள்ள ஒன்றைத் தொடுவது போல.

பிப்ரவரி 26

காலை, மதியம், மாலை, இரவு தண்ணீர். சாக்கு ஒருபோதும் காயக் கூடாது. காய்வதால் கான்கிரீட் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது.

பிப்ரவரி 27

தண்ணீர்.

பிப்ரவரி 28

நாளையே அனுப்புகிறார்களாம். நாளை! நான்காம் நாள். ஏழு நாளுக்குள் எந்த வண்டியும் ஏறக் கூடாது. ஆள் நடக்கலாம், நாற்காலி போகலாம். வண்டியைத் தெருவிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். தெரு விளிம்பில் தளத்துக்கும் சாலைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன். சாய்வுப் பலகை ஒன்று அடித்து வைத்தேன்.

மார்ச் 1

நடுவில் இரண்டடி அகலத்துக்குச் சாக்குகளைச் சுருட்டி வழி விட்டேன். அக்கா தள்ளினாள், நான் முன்னால் பின்னோக்கி நடந்தேன். முதல் வெட்டின் மேல் சக்கரம் ஏறியபோது அம்மா இரு கைகளாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்தாள். டக் என்று சின்னச் சத்தம். அவ்வளவுதான். இரண்டாவது வெட்டில் பிடிக்கவில்லை.

உள்ளே போனதும் நான் ஓடி வந்து சாக்குகளைத் திரும்ப விரித்தேன்.

மார்ச் 2

ஜன்னலிலிருந்து: “தண்ணீர் விட்டாயா?”

மார்ச் 4

மதியம் வெளியே போனவன் திரும்பத் தாமதமாகிவிட்டது. சாக்குகள் காய்ந்திருக்குமே என்று ஓடி வந்தால் எல்லாம் நனைந்திருக்கின்றன. அம்மா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு விடச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பையனிடம் வாளிக் கணக்கும் கேட்டு வைத்திருக்கிறாள்.

மார்ச் 7

முதல் வெட்டுக்குள் மயிரிழை விரிசல். டார்ச் அடித்தால்தான் தெரிகிறது. மேஸ்திரியை வரவழைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். “இங்கேதானே வரச் சொன்னோம்” என்றார்.

மார்ச் 11

பதினான்கு நாள். சாக்குகளை எடுத்துவிட்டேன். அம்மா ஊன்றுகோலோடு முதல் சதுரத்தின் விளிம்பு வரை வந்தாள். அங்கேயே நின்று மரத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 13

இரண்டாவது வெட்டின் மேல் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தேன். மரத்தின் பக்கம் ஒரு தாள் நுழைகிறது. நேற்றும் நுழைந்ததா என்று நினைவில்லை. நாளை முதல் இரண்டு வெட்டுகளிலும் மூன்று மூன்று இடங்களில் அளந்து எழுதி வைப்பேன்.