ஏழாம் தேதி அறிக்கை

கோவையை அடுத்த ஒரு நூற்பாலையில் நிதிப் பகுப்பாய்வாளராக வேலை பார்க்கிறேன். ஊரில் "ஆடிட்டரா?" என்று கேட்பவர்களிடம் இல்லை என்றால், "அப்போ கணக்குப்பிள்ளையா?" என்பார்கள். இரண்டும் இல்லை. நடந்து முடிந்த வரவு செலவைப் பிழையின்றிப் பதிவது கணக்குத் துறையின் பொறுப்பு. அந்தப் பதிவு முறைப்படி இருக்கிறதா என்று பார்ப்பது தணிக்கையாளரின் பொறுப்பு. பதிவான எண் ஏன் அப்படி வந்தது, வரும் மாதங்களில் அது எங்கே போய் நிற்கும், அதற்காக இன்றைக்கு எதை மாற்ற வேண்டும் என்று நிர்வாகத்திடம் சொல்வதே என் வேலை. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்குள் எம்.ஐ.எஸ். எனப்படும் மேலாண்மைத் தகவல் அறிக்கை இயக்குநர்கள் மேசைக்குப் போயாக வேண்டும்.

இதற்கு எக்செல் வேண்டும், அதில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் வேண்டும், இப்போது தரவை வரைபடங்களாக்கும் பவர் பி.ஐ. மென்பொருளும் வேண்டும். ஆறு மாதம் முனைந்து உட்கார்ந்தால் இவற்றைக் கற்றுக்கொள்ளலாம். எண் பிறக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு அது ஒரு தவறில் தொடங்கியது.

தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலைகள் உண்டு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் அவற்றின் உற்பத்தி உச்சத்தில் இருக்கும். காற்று ஓய்ந்த பிறகு மின்வாரிய மின்சாரத்தையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். இது தெரியாமல், வேலையில் சேர்ந்த ஆண்டு, மே, ஜூன், ஜூலை மாதங்களின் சராசரி மின்செலவை எடுத்து மார்ச் வரைக்கும் நீட்டி, ஆண்டு லாபம் பட்ஜெட்டைத் தாண்டும் என்று அழகான வரைபடத்துடன் அறிக்கை தயாரித்தேன். கூட்டத்துக்கு முன் அதைப் பார்த்த மின் பராமரிப்புப் பிரிவின் பெரியவர், "தம்பி, டிசம்பர்ல காத்து எங்கிருந்து வரும்?" என்று மட்டும் கேட்டார். என் சூத்திரங்கள் எதிலும் பிழையில்லை. அறிக்கை முழுவதும் பிழை.

இயக்குநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "லாபம் வந்திருக்கிறதே, பணம் எங்கே?" என்பது. ஆண்டு விற்பனை 360 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்குச் சுமார் 1 கோடி. நூல் வாங்கியவர்கள் 45 நாளில் கொடுத்த பணத்தை 60 நாளில் கொடுக்கத் தொடங்கினால், சத்தமில்லாமல் 15 கோடி வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறது. லாப நட்டக் கணக்கில் அந்தத் தொகை தெரியாது. அந்த இடைவெளியை நிரப்ப வாங்கும் கடனுக்கு 9 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 1.35 கோடியாக வட்டிச் செலவில் மட்டும் தலைகாட்டும். மறுபக்கம் நாம் தர வேண்டியதைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கலாம் என்ற பழைய வழியும் குறுகிவிட்டது. 2023 நிதிச் சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகச் சேர்த்த விதியின்படி, குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமானத்திலிருந்து கழிக்க முடியும். அட்டைப்பெட்டியும் நூல் சுற்றும் பேப்பர் கோனும் தரும் சிறிய பட்டறைகளின் பில்களைத் தனியே பிரித்து, தேதிவாரியாகப் பணத்தேவையைக் கணிப்பது அதன்பின் எங்கள் வாராந்திர வேலையாகிவிட்டது. அந்தப் பட்டறைக்காரர்களின் பக்கமிருந்து பார்த்தால் இது எப்போதோ வந்திருக்க வேண்டிய சட்டம் என்பதே என் எண்ணம்.

பட்ஜெட்டுக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரு மாதம் கோம்டு நூலின், அதாவது குட்டை இழைகளைச் சீவி நீக்கிவிட்டு நூற்கும் நூலின், பஞ்சுச் செலவு ஏறியிருந்தது. பஞ்சு கிலோ 160 ரூபாய், ஒரு கிலோ நூலுக்கு 1.35 கிலோ பஞ்சு என்பது பட்ஜெட். நடந்தது 165 ரூபாய், 1.38 கிலோ. அதாவது 216 ரூபாய் ஆக வேண்டியது 227.70 ஆகியிருந்தது. கூடுதலான 11.70 ரூபாயில் 6.90 பஞ்சு விலையால் வந்தது. அது சந்தையின் கையில் இருக்கிறது. மீதி 4.80 பஞ்சு அதிகம் செலவானதால் வந்தது. மாதம் 3 லட்சம் கிலோ ஓடும் நூல் என்பதால், அது மட்டும் 14.40 லட்சம். அந்தத் தொகையைச் சிவப்பு எழுத்தில் போட்டு அறிக்கையை அனுப்பியிருக்கலாம். காற்றாலைப் பாடம் நினைவில் இருந்ததால், அந்தச் சீவும் வேலை நடக்கும் கோம்பர் பிரிவுக்கு நடந்தேன்.

அங்கே மேற்பார்வையாளரிடம் காரணம் தயாராக இருந்தது. நூலில் முடிச்சுகள் அதிகம் என்று ஒரு வாடிக்கையாளர் புகார் செய்ததால், அவற்றைக் குறைக்க, சீவும்போது நீங்கும் குட்டை இழைகளான நாய்ல் கழிவை 16 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தியிருந்தார்கள். இயந்திரத்தில் கோளாறும் இல்லை, ஆட்களிடம் அசட்டையும் இல்லை. மேலும், அந்த நாய்ல் வீணாகப் போவதில்லை. குட்டை இழையிலிருந்தும் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் ஆலைகள் அதைக் கிலோ 100 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கின்றன. அந்த வரவு கணக்கில் "இதர வருமானம்" என்ற தலைப்பில் வேறொரு பக்கத்தில் இருந்தது. ஒரு கிலோ நூலுக்குக் கூடுதலாக வந்த 0.03 கிலோ நாய்லின் விலை 3 ரூபாயைக் கழித்தால், உண்மையான இழப்பு 1.80 ரூபாய், மாதத்துக்கு 5.40 லட்சம்.

ஆகவே கேள்வி உற்பத்திப் பிரிவை விட்டு விற்பனைப் பிரிவுக்கு இடம் மாறியது: தரத்தைக் கூட்டிக் கேட்ட வாடிக்கையாளரிடம் விலையைக் கூட்டிக் கேட்டோமா? கேட்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் செலவு கூடியது தெரிந்தவருக்கு விலை தெரியாது, விலை பேசியவருக்குக் கோம்பர் தெரியாது. அடுத்த ஒப்பந்தத்தில் கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டிக் கேட்டார்கள். பேரத்துக்குப் பின் 1.50 கிடைத்தது. மீதி 30 பைசாவை அடுத்த மாத அறிக்கையின் அடிக்குறிப்பில் எழுதி வைத்தேன்.