எச்சரிக்கைக்கு நிறம் மட்டும் போதுமா?

2002 மார்ச்சில் அமெரிக்க அரசு, பயங்கரவாத ஆபத்தை மக்களுக்குச் சொல்ல ஐந்து நிறங்களில் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. பச்சையில் தொடங்கி நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 2011 வரை இருந்தும் நாடு முழுமைக்குமான நிலை ஒருநாள்கூட மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. விமான நிலைய ஒலிபெருக்கியில் 'ஆரஞ்சு, ஆரஞ்சு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மக்கள் எத்தனை நாள்தான் காதுகொடுப்பார்கள்?

2003 பிப்ரவரியில் ஆரஞ்சுக்கு உயர்த்திய கையோடு, ரசாயனத் தாக்குதல் வந்தால் ஜன்னல், கதவு இடுக்குகளை அடைக்க பிளாஸ்டிக் ஷீட்டும் டக்ட் டேப்பும் (அகலமான ஒட்டு நாடா) வாங்கி வையுங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, ஜனங்கள் கடைகளுக்கு ஓடினார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். எங்கே ஆபத்து, எத்தனை நாளைக்கு என்று சொல்லாமல் பயத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பி வைப்பது எச்சரிக்கையே இல்லை.

2006 ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து வரும் விமானங்களுக்குச் சிவப்பு அறிவித்தார்களே, அது பரவாயில்லை. எந்த விமானங்கள் என்று சொன்னார்கள், திரவப் பொருளைக் கைப்பையில் கொண்டுவராதீர்கள் என்றும் சொன்னார்கள். பயணிக்கு அதுதானே வேண்டும்?

அப்புறம் 2011 ஏப்ரலில் நிறங்களைத் தூக்கிவிட்டு வந்த புதிய முறையில், ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காலாவதித் தேதி வைத்தார்கள். என்னைக் கேட்டால் மொத்த மாற்றத்திலும் உருப்படியான விஷயம் அதுதான், ஆபத்து நீடித்தால் அரசு காரணம் சொல்லித்தான் நீட்டிக்க வேண்டும்.