முதல் படி: வரைபடம் சரிபார்க்கும் நாட்கள்

மார்ச் 3
வீட்டைப் புதுப்பிக்கும் படத்தோடு அனுமதி விண்ணப்பம் கொடுக்க இரண்டு வாரம்தான். இன்று படத்தை விரிக்கவே இல்லை. நடப்பில் இருப்பது கட்டட விதிநூலின் எந்தப் பதிப்பு என்று மட்டும் பார்த்தேன். பழைய பதிப்பை வைத்துச் சரிபார்த்தால் அத்தனை உழைப்பும் வீண். இருக்கிற சுவர், இடிக்கிற சுவர், புதுச் சுவர் மூன்றுக்கும் தனித்தனி நிறம் கொடுத்தாயிற்று. புதுப்பிப்பு வேலைக்கான படத்தில் இது இல்லாவிட்டால் மற்ற எதையும் படிக்க முடியாது.

மார்ச் 4
படிக்கட்டு. கீழ்த் தளத்திலிருந்து மேல் தளத்துக்கு 3000 மி.மீ. 17 படி. ஒரு படியின் உயரம் 176.5. கால் வைக்கும் மிதி 260. இரண்டு உயரமும் ஒரு மிதியும் கூட்டினால் 613, நடக்க வசதியான கணக்குதான். சரி என்று டிக் போடப் போகும்போதுதான் அந்த 3000 எங்கிருந்து எதுவரை என்று பார்த்தேன். கான்கிரீட்டிலிருந்து கான்கிரீட்வரை. தரைப் பூச்சு கணக்கிலேயே இல்லை.

கீழே சமன் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 75 ஏறும். மேலே 35. ஒவ்வொரு படியின் மேலும் கல்லும் கலவையுமாக 35. அப்படியானால் மற்ற படிகளெல்லாம் 176.5 ஆகவே நிற்கும். முதல் படி மட்டும் 176.5 + 35 − 75. படிக்குப் படி 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலே பல விதிநூல்கள் ஏற்பதில்லை. இங்கே 40.

மார்ச் 5
136.5.

மார்ச் 6
பூச்சு முடிந்த தரையிலிருந்து பூச்சு முடிந்த தரைக்கு 3000 − 75 + 35 = 2960. பதினேழால் வகுத்தால் 174.1. எல்லாப் படியும் இந்த உயரத்துக்கு வரவேண்டுமானால், வெறும் கான்கிரீட்டில் முதல் படி 214 இருக்க வேண்டும், மற்றவை 174. பலகை அடிக்கும்போது அந்த 214 கண்ணுக்குத் தப்பாகத்தான் தெரியும். கொத்தனார் நல்ல மனதோடு அதைக் குறைத்துச் "சரி" செய்துவிடுவார். அதனால் வெட்டுத் தோற்றத்தில் அம்புக்குறி போட்டு, "முதல் படி 214, குறைக்கக் கூடாது, பூச்சுக்குப் பின் 174" என்று பெரிய எழுத்தில் எழுதினேன்.

படியில் கால் முதல் இரண்டு எட்டிலேயே உயரத்தைப் படித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு யாரும் கீழே பார்ப்பதில்லை. விழுவது அப்படித்தான்.

மார்ச் 8
இடிக்கப் போகும் சுவர். "தடுப்புச் சுவர்" என்று எழுதியிருக்கிறது. மேல் தளப் படத்தை டிரேசிங் தாளில் எடுத்து இதன்மேல் வைத்தேன். மேலே அதே கோட்டில் ஒரு சுவர். அப்புறம் இது எப்படிப் பாரம் தாங்காத தடுப்புச் சுவர் ஆகும்? தடிமனை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது, ஸ்லாப் எந்தப் பக்கம் ஓடுகிறது, இரண்டும் தெரிய வேண்டும்.

பீம் போட்டே ஆக வேண்டும். இரண்டு முனையிலும் பாரம் ஒரே இடத்தில் இறங்கும், செங்கல்லின் மேல் நேராக வைத்தால் நசுங்கும். கான்கிரீட் தாங்குகட்டை வேண்டும், அதற்குக் கீழே அஸ்திவாரம் தாங்குமா என்ற கணக்கும் வேண்டும். இடிக்கும்போது முட்டு சுவரின் இரு பக்கமும். முட்டுக்கால் டைல்ஸ்மேல் நிற்பதாக வரைந்திருக்கிறார்கள். அடியில் கெட்டியான தரை வரும்வரை பாரம் இறங்க வேண்டும். கட்டமைப்புப் பொறியாளருக்குக் கேள்வி அனுப்பியாயிற்று.

மார்ச் 9
பதில் இல்லை.

மார்ச் 10
குளியலறை. கழிவுக் குழாய் 3.6 மீட்டர் ஓடுகிறது. 60க்கு 1 வாட்டம் என்றால் 60 மி.மீ. இறங்க வேண்டும். குழாயே 110. தளத்தில் விட்டிருக்கும் பள்ளம் 150. கொள்ளாது. கழிப்பறைக் கோப்பையை, கழிவுக் குழாய் கீழே இறங்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினால் தீரும். கதவு உள்ளே திறக்கிறது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே திறக்கும்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12
மாடிக் கம்பிக் கைப்பிடியின் உயரம் 1000 என்று போட்டிருக்கிறது. எதிலிருந்து? கான்கிரீட்டிலிருந்து. டைல்ஸ் போட்டதும் 965. மறுபடியும் அதே 35.

கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ. பந்து நுழையக் கூடாது. கீழ்க் கம்பிக்கும் தரைக்கும் நடுவிலும் அப்படித்தான், அங்கே யாரும் அளப்பதில்லை. குறுக்குக் கம்பிகள் வேண்டாம். குழந்தைக்கு அது ஏணி.

மார்ச் 13
படுக்கையறை 3.6 × 4.2, 15.12 சதுர மீட்டர். வெளிச்சத்துக்குத் தரைப் பரப்பில் பத்தில் ஒன்று, 1.512. ஜன்னல் 1500 × 1200, அதாவது 1.8 என்று எழுதி முடித்துவிட்டார்கள். சட்டம் சுற்றிலும் 50, நடுவில் 50. கண்ணாடி 1350 × 1100, வெறும் 1.485. தள்ளு ஜன்னலானதால் காற்றுக்கு அதிலும் பாதிதான். அகலம் கூட்டினால், ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் லிண்டல் சுவரில் உட்காரும் நீளம் குறையும், அதில் கைவைக்க மாட்டேன். அடிப்பகுதியை 100 இறக்கி, கீழே 300 உயரத்துக்குத் திறக்காத கடினக் கண்ணாடி, மேலே இரண்டு கதவும் முழுதாகத் திறப்பவை. உள்ளிருந்து பூட்டில்லாமல் திறக்கவும் வேண்டும், தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான்.

மார்ச் 15
பீம் விவரம் வந்தது. சுவருக்கான பீம் சரி. ஆனால் படிக்கட்டுத் திறப்பின் ஓரத்தில் இருக்கும் பழைய பீம்! அதன் அடி கான்கிரீட்டிலிருந்து 2700. கீழே தரைப் பூச்சு 75, பீமுக்கு அடியில் சிமெண்ட் பூச்சு 15. மீதி 2610. தலை இடிக்காமல் இருக்க 2000 வேண்டும் என்றால், படி நுனிகளை இணைக்கும் சாய்கோடு பீம் ஓரத்தில் 610க்கு மேல் ஏறக் கூடாது. நான்காம் படி நுனி 696. பீம் ஓரம் அந்த நுனிக்கு 40 முன்னால்தான் முடிகிறது. 129 முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

பீமை நகர்த்த முடியாது. படிக்கட்டையே 90 முன்னே தள்ளலாம். மேலே நிற்கும் இடம் 1000, அதில் 90 போனால் 910. அது படியின் அகலத்துக்குக் குறையக் கூடாது, அகலம் 900. போதும்.

மார்ச் 16
போதாது. சுவர்ப் பூச்சு 15. 895.

மார்ச் 17
மிதியை 259 ஆக்கினால் பதினாறு மிதியில் 16 கிடைக்கிறது. நான்காம் நுனி 3 பின்னே வரும், ஆகவே தள்ள வேண்டியது 93. 1000 − 93 + 16 − 15 = 908. வெட்டுத் தோற்றத்தை மறுபடி வரையச் சொன்னேன். கல்லின் நுனி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அதில் இன்னும் எழுதவில்லை.