கிராண்ட் கிடைத்த பிறகு: ரியோமீட்டர் வாங்கிய அனுபவம்

ஒருவழியாக ரியோமீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. சேறு, பற்பசை மாதிரிப் பொருட்கள் எப்படி ஓடுகின்றன, எவ்வளவு விறைப்பாக நிற்கின்றன என்று அளக்கிற கருவி அது. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. சாஃப்ட் மேட்டரில் (களிம்பு, ஜெல் மாதிரி எளிதில் உருமாறும் பொருட்களைப் பற்றிய துறை) பிஎச்.டி. முடித்து, உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, சொந்தமாக லேப் தொடங்கப் போகிற கெமிக்கல் இன்ஜினியர்களுக்காக இதை எழுதுகிறேன். பிஎச்.டி. செய்த இடத்தில் கருவி தயாராக நின்றது. பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்தால் போதும். அது அந்த மேசைக்கு எப்படி வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கிராண்டுக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியமான எஸ்.இ.ஆர்.பி. கொடுத்துவந்த ஸ்டார்ட்-அப் ரிசர்ச் கிராண்ட்: 2 ஆண்டு, 30 லட்சம். கருவிக்கு 24 லட்சம் ஒதுக்கியிருந்தேன். ஆனால் அந்த 2 ஆண்டு, பணம் அனுமதியான நாளிலிருந்து எண்ணப்படும். கருவி எப்போது வந்தாலும் அதற்காகக் கடிகாரம் நிற்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதல் அடி ஜிஎஸ்டியில் விழுந்தது. நான் பட்ஜெட் போட்டபோது ஆராய்ச்சிக் கருவிகளுக்கு 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 18 சதவீதம் ஆனது. 22 லட்சம் விலைக்கு 5 சதவீதம் என்றால் மொத்தம் 23 லட்சத்து 10 ஆயிரம், ஒதுக்கீட்டுக்குள் அடங்கும். 18 சதவீதம் என்றால் 25 லட்சத்து 96 ஆயிரம். கிட்டத்தட்ட 2 லட்சம் துண்டு விழுந்தது. வேறு தலைப்பிலிருந்து பணத்தை மாற்ற ஒப்புதல் கேட்டுக் காத்திருப்பதைவிட, கருவியோடு வரும் துணைப் பாகங்களைக் குறைப்பது மேல் என்று முடிவு செய்தேன். உருளைக்குள் உருளை சுழலும் கப்பையும், சொரசொரப்பான தட்டுகளையும் பட்டியலிலிருந்து எடுத்தேன். பொருளை இடையில் வைத்து அளக்கக் கூம்பும் தட்டும் கொண்ட கூம்பு-தட்டு ஒன்று, இரண்டும் தட்டையான இணைத்தட்டு ஒன்று, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பெல்டியர் அடித்தட்டு. அவ்வளவுதான். மனசே இல்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. நீங்கள் பட்ஜெட் போடும்போது முழு வரியோடு போடுங்கள், அதற்கு மேல் கொஞ்சம் இடமும் விடுங்கள்.

அப்புறம் கொள்முதல் பிரிவு. கோப்பு போய் வாரக்கணக்கில் அசையவில்லை. நேரில் போனால் கண்காணிப்பாளர் இருப்புப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “மேடம், உங்க துறையில ஏற்கெனவே விஸ்கோமீட்டர் இருக்கு. பாகுநிலை அளக்க இன்னொரு மிஷின், அதுவும் 22 லட்சத்துக்கு. ஆடிட்ல நான் என்ன பதில் சொல்றது?” பதிவேட்டில் இருந்தது பி.டெக். மாணவர்களின் லேபுக்காக வாங்கிய ரெட்வுட் விஸ்கோமீட்டர். கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, கீழே உள்ள துளை வழியாக 50 மில்லி இறங்க எத்தனை வினாடி என்று பார்க்கிற கருவி. என் ஆராய்ச்சி பென்டோனைட் களிமண் கலவையில். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே செலுத்துகிற சேற்றின் அடிப்படை அதுதான். அதை ரெட்வுட் கிண்ணத்தில் ஊற்றினால் துளையிலேயே உட்கார்ந்துவிடும்.

இரண்டு பக்க ஜஸ்டிஃபிகேஷன் நோட் எழுதிக் கொடுத்தேன். ‘தெளிவுபடுத்தவும்’ என்ற ஒரே வார்த்தையோடு திரும்பி வந்தது. சமன்பாடுகளையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். கொள்முதல் குழு கூடிய அன்று ஒரு தேன் பாட்டிலும் ஒரு பற்பசையும் கொண்டுபோனேன். கண்ணாடித் தட்டில் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். தேன் பரவிக்கொண்டே போனது. பற்பசை வைத்த இடத்தில் வைத்த வடிவத்திலேயே நின்றது; தட்டைச் சாய்த்தும் நகரவில்லை, விரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏதோ ஒரு வேகத்தில் சுழற்றி அளந்தால் இரண்டுக்கும் ஒரே பாகுநிலை எண் வரலாம், ஆனால் தேனுக்கு அந்த எண் போதும், பற்பசைக்குப் போதாது என்று சொன்னேன். எவ்வளவு அழுத்தினால் ஓடத் தொடங்கும், ஓடாமல் நிற்கும்போது எவ்வளவு விறைப்பு, விட்டுவிட்டால் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்? இதையெல்லாம் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கிற ரியோமீட்டரில்தான் அளக்க முடியும். கண்காணிப்பாளரே தட்டை வாங்கி இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தார். அன்று மாலையே கோப்பு நகர்ந்தது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆடிட் வந்தால் நிற்க வேண்டியவர் அவர். நான் சொல்ல வருவது, எழுத்தில் புரியவைக்க முடியாததை ஆரம்பத்திலேயே கண்ணெதிரே காட்டிவிடுங்கள்.

அரசு கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலில் பொருள் இல்லை என்ற அறிக்கை, இந்தக் கருவியைத் தாங்கள் மட்டுமே செய்கிறோம் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் தனியுரிமைச் சான்றிதழ், இவை சுலபமாக முடிந்தன. சிக்கியது சுங்கச் சலுகைக்கு வேண்டிய டிஎஸ்ஐஆர் பதிவுச் சான்றிதழ், அதாவது மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையில் எங்கள் நிறுவனம் பதிவு செய்திருப்பதற்கான சான்று. அதன் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பம் கையெழுத்தாகி, அனுப்பப்படாமல் ஒரு மேசை இழுப்பறையில் கிடந்தது. இதை முதல் நாளே கேட்டு, நகலை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மார்ச் 31க்குள் பர்ச்சேஸ் ஆர்டரையாவது போட்டுவிடுங்கள். கருவி வராவிட்டாலும் அந்தத் தொகை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவு என்று, கிராண்ட் பணத்துக்குக் கணக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழோடு காட்டலாம்.

காத்திருந்த மாதங்களில், ஆராய்ச்சி நிறுவனங்களின் கருவிகளை வெளியாரும் பயன்படுத்தப் பதிவு செய்கிற ஐ-ஸ்டெம் போர்ட்டலில் வேறு நிறுவனத்தின் ரியோமீட்டருக்கு நேரம் பதிவு செய்தேன். கலவையை பாட்டிலில் அடைத்து ராத்திரி பஸ்ஸில் கிளம்பினோம், நானும் என் மாணவியும். போய்ச் சேர்ந்தால் இணைத்தட்டு பழுதுபார்க்கப் போயிருந்தது. முந்தின நாளே தெரிந்த விஷயம். ஒரு போன் செய்திருக்கலாம். கூம்பு இருக்கிறதே, அளந்துகொள்ளுங்கள் என்றார்கள். கூம்பின் முனைக்கும் தட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். கட்டிகட்டியாக இருக்கிற களிமண் துகள்கள் அங்கே மாட்டிக்கொண்டால் வருகிற எண்ணை நம்பவே முடியாது. வெறுங்கையோடு திரும்பினோம்.

அந்தப் பயணத்திலிருந்து ஒரு விஷயம் மட்டும் சொல்லலாம். இந்த மாதிரிப் பொருட்களுக்கு நினைவு உண்டு. பஸ்ஸில் குலுங்கியது, பாட்டிலில் அசையாமல் கிடந்தது, எல்லாம் அளவில் தெரியும். எங்கே கொண்டுபோய் அளந்தாலும் முதலில் வேகமாகச் சுழற்றிப் பழைய கதையை அழித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் காத்திருந்து அளக்கத் தொடங்குங்கள். அந்த நேரத்தைக் கட்டுரையிலும் எழுதுங்கள்.

கருவி பெட்டியில் வந்து இறங்கியது. பொருத்த வந்த பொறியாளர் எங்கள் கம்ப்ரஸரைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். ரியோமீட்டரின் சுழல் தண்டு காற்று மெத்தையில் மிதக்கிறது. அந்தக் காற்றில் எண்ணெயோ ஈரமோ துளி இருந்தாலும் தண்டைத் தாங்கும் பேரிங் வீணாகிவிடும். எங்களிடம் இருந்தது பட்டறையில் வைத்திருக்கிற எண்ணெய் போட்ட கம்ப்ரஸர். எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர், உலர்த்தி, வடிகட்டி வேண்டும் என்று எழுதிய தாள் பர்ச்சேஸ் ஆர்டரோடு கொள்முதல் பிரிவுக்கு வந்திருக்கிறது. அங்கேயே கோப்பில் கோத்து வைத்துவிட்டார்கள். எனக்கு யாரும் அனுப்பவில்லை. பொறியாளர் கிளம்பிப் போனார், பெட்டி மறுபடி மூடப்பட்டது, நான் கம்ப்ரஸருக்கு விலைப்புள்ளி வாங்க ஓடினேன். அன்றைக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. விற்பனையாளரிடம் அந்தத் தாளை உங்கள் கைக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரியை நான் வற்புறுத்திச் சேர்த்திருந்தேன்: உத்தரவாதம் பொருத்தி முடித்த நாளிலிருந்து தொடங்கும். அந்த வரி இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே உத்தரவாதத்தில் பாதி போயிருக்கும். அதேபோல 10 சதவீதத் தொகையை நிறுத்தி வைத்து, பாகுநிலை தெரிந்த தரநிலை எண்ணெயில் கருவி சரியான எண்ணைக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஓடுகிறது. எங்கள் ஊர் ஈரத்துக்கு கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கும். லேப் உதவியாளர் அண்ணன் தினமும் காலையில் அதை வடித்துவிடுகிறார். பெல்டியரைக் குளிர்விக்கும் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். போர் தண்ணீர் ஊற்றினால் குழாயில் உப்பு படிந்துவிடும். கருவியை யுபிஎஸ்ஸில் போட்டு கம்ப்ரஸரை வெளியே விட்டால் கரண்ட் போகும்போது காற்று நின்று தண்டு உட்கார்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். காற்று இல்லாதபோது தண்டைக் கையால் சுற்றவே கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வாங்க முடியாமல் போன சொரசொரப்புத் தட்டுக்கு மாற்று என் மாணவி கண்டுபிடித்தாள். தண்ணீரில் நனைந்தாலும் கரையாத உப்புத்தாளைத் தட்டின் அளவுக்கு வெட்டி, இருபக்க டேப்பால் மேலும் கீழும் ஒட்டினாள். வழவழப்பான தட்டில் களிமண் ஓடாமல் தட்டின் பரப்பை ஒட்டி வழுக்கிக்கொண்டிருந்தது. அதனால் ஓடத் தொடங்கும் அழுத்தம் குறைவாகத் தெரிந்தது. உப்புத்தாள் ஒட்டியதும் எண் ஏறியது, மூன்று வெவ்வேறு இடைவெளியில் அளந்தும் மாறாமல் நின்றது. அவளுடைய முதல் கட்டுரையின் முதல் படம் அதுதான். ஒட்டியபின் இடைவெளியின் ஜீரோவை மறுபடி சரிசெய்ய மறக்காதீர்கள். தாளின் தடிமன் கணக்கில் வரும்.

கொள்முதல் குழுவுக்கு எழுதிய கடைசி ஜஸ்டிஃபிகேஷன் நோட்டும், கருவிக்கான விவரக்குறிப்பும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் பொருள் வேறாக இருந்தால் நோட்டின் இரண்டாவது பத்தியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.