தேதி தெரிந்த செலவுகள்: வீட்டுக் கணக்கு நாட்குறிப்பு, 2025

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. இந்த வாரம் அடகுக் கடைகளில் கூட்டம் நிற்கும். பருப்பு விலை ஏறியது என்பதற்காக யாரும் வளையலைக் கழற்றுவதில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆவணியில் கல்யாண மொய், அக்டோபரில் தீபாவளி என்று தேதி சொல்லிவிட்டு வரும் செலவுகள்தான் கழற்ற வைக்கின்றன. மாத பட்ஜெட்டில் வாடகை, பால், அரிசி, கேஸ் எல்லாம் இருக்கும், இவை இருக்காது. அதனால்தான் தாளில் மிச்சம் காட்டும் கணக்கு கையில் காட்டுவதில்லை.

போன வருடத்து பாஸ்புக்கை எடுத்து, மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதவும். மாதம் 35,000 ரூபாய் வருகிற வீட்டுக்கு ஓர் உதாரணம்: பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை 38,000, தீபாவளி 14,000, மருத்துவக் காப்பீடு 11,000, மொய், சீர் 10,000, பொங்கல் 6,000, வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 5,000. கூட்டினால் 84,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் இதில் புதுச் செலவு எதுவும் இல்லை. இதுவரை வட்டியும் சேர்த்துக் கட்டிவந்த அதே பணம்தான்.

பாஸ்புக் கையில் இருக்கும்போதே மே கடைசி வரிகளையும் பார்த்துவிடவும். வங்கி வழியாக அரசுக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் பிடித்திருக்க வேண்டும். அந்த நாளில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் இரண்டு காப்பீடும் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஜூன் 3, செவ்வாய்

அந்த 7,000 எங்கே இருக்க வேண்டும்? சம்பளக் கணக்கில் இருக்கவே கூடாது. ஜிபே, போன்பே எதிலும் இணைக்காத தனி சேமிப்புக் கணக்கு வேண்டும். ஏடிஎம் கார்டு பீரோவில் இருக்கட்டும். சம்பளம் வந்த மறுநாள் தானாகவே பணம் மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கவும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் மிஞ்சாது.

பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும் ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) போடலாம். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, 6.7 சதவீதம் என்று கேட்டு அஞ்சலகத்தில் போடுவது. அது ஐந்தாண்டுத் திட்டம். மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. அதன் பிறகு மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். நல்ல திட்டம்தான், வருடச் செலவுக்கு ஆகாது. இரண்டாவது, ஜூனில் தொடங்கி 12 மாதத்துக்குப் போடுவது. பள்ளி திறந்த பிறகு பணம் வந்து என்ன பயன்? மே முதல் வாரத்தில் முதிர வேண்டும். சில வங்கிகள் மூன்று மாத மடங்கில்தான் ஏற்கும். அங்கே ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி 9 மாதத்துக்கு 4,200 வீதம் போட்டால் 37,800 ரூபாயும் வட்டியும் மே 5 அன்று கைக்கு வரும். ஆகஸ்டிலிருந்து மீதி 2,800 சேமிப்புக் கணக்கில் சேரட்டும்.

ஜூன் 6, வெள்ளி

வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போ விகிதத்தை, ரிசர்வ் வங்கி 5.50 சதவீதமாகக் குறைத்துவிட்டது. பிப்ரவரியிலிருந்து மொத்தம் ஒரு சதவீதம். ரெப்போவோடு இணைந்த வீட்டுக்கடனில் பெரும்பாலும் இஎம்ஐ மாறாது, தவணை எண்ணிக்கைதான் குறையும். அப்படியே விடுவது நல்லது. ரெப்போவோடு இணையாமல், வங்கியே வைக்கும் அடிப்படை விகிதத்தில் (எம்சிஎல்ஆர்) ஓடும் பழைய கடனாக இருந்தால் ரெப்போ முறைக்கு மாற்ற என்ன கட்டணம் என்று கிளையில் கேட்கவும்.

ஜூன் 15, ஞாயிறு

கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு சுவர். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்த பாதி விலையும் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது, சுவர் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ரீடிங் எடுத்த நாளன்று மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறித்துவைத்து, ஞாயிறுதோறும் பார்க்கவும். நாளொன்றுக்கு 8.3 யூனிட்டைத் தாண்டினால் 60 நாளில் 500 தாண்டிவிடும். கணக்கெடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தாலும் அந்த நாலு நாளும் இதே பில்லில்தான் ஏறும். ஆகவே 465-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

குறைக்க எளிய இடம் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள். தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம், மூன்றுக்கு 97. 550, 580 என்று நிற்கிற வீட்டுக்கு இது போதும். 300 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் ஃபேன் போட்ட காசு திரும்ப நாளாகும், அவசரப்பட வேண்டாம்.

ஜூலை 5, சனி

கடன். தண்டல் கட்டும் பலருக்கு அதன் உண்மையான வட்டி எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். 1,500 ரூபாய்தானே, 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஐம்பதாவது நாளில் அவர்கள் கொடுத்ததில் பாதிக்கு மேல் அவர்கள் கைக்கே போய்விடுகிறது. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம் வருகிறது. வேறு எந்தக் கடன் இருந்தாலும் முதலில் அடைக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது அடகு நகை. 50,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 1,000. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 375. மாற்றத் தயங்குவதற்குக் காரணம், மீட்க முழுப் பணமும் ஒரே நாளில் வேண்டும் என்பதுதான். அதனால் நகை வைக்கும்போதே செயின் தனி ரசீது, வளையல் தனி ரசீது என்று பிரித்து வைக்கவும். சிறியதை மீட்டு, வங்கியில் வைத்து, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை மீட்கலாம். பவுன் விலை ஏறியதால் இதே நகைக்கு இன்னும் கூடத் தருகிறோம் என்று போன் வரும். வாங்க வேண்டாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி 1. நகைக்கடைச் சீட்டு சேர இதுதான் சீசன். அது 11 மாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர்செய்யாவிட்டால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு இதற்குக் கிடையாது. சேரும் முன் கேட்க வேண்டியவை: மாதாமாதம் கட்டுவது பணமாக நிற்குமா, அன்றைய விலையில் கிராமாக வரவாகுமா? சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை? எந்த நகைகளுக்கு இல்லை? பள்ளிக் கட்டணப் பணத்தை இதில் போடவே கூடாது, நகையாகத்தான் திரும்பும்.

பதிவில்லாத தீபாவளிச் சீட்டு பிடிக்கிற அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பத்துப் பேர் கட்டாமல் போனால் அவராலும் தர முடியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மளிகை. எண்ணெய் பாக்கெட் ஒரே உயரத்தில் இருக்கும். உள்ளே ஒரு லிட்டர் என்றால் ஏறத்தாழ 910 கிராம், பக்கத்தில் இருப்பது 800 கிராம். விலையை எடையால் வகுத்து, ஒரு கிராமுக்கு எவ்வளவு என்றுதான் ஒப்பிட வேண்டும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. முதல் பத்து நாளுக்குள் வாங்கிவிடவும்.

செப்டம்பர் 22, திங்கள்

தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இன்று முதல் ஜிஎஸ்டி இல்லை. 18 சதவீத வரியோடு 11,000 கட்டியவருக்கு இனி 9,322. கம்பெனி வழியாக எடுத்த குழுக் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. மிச்சமான 1,678-ஐ எடுத்துச் செலவழிக்காமல் தனிக் கணக்கிலேயே விடவும்.

அக்டோபர் 5, ஞாயிறு

தீபாவளிக்குப் பதினைந்து நாள். ஜூன் கணக்கின்படி ஐந்து தவணையில் 35,000 போட்டாகிவிட்டது. ஆர்டிக்குப் போனது 12,600. சேமிப்பில் சேர்ந்தது 22,400. பிரீமியம் 9,322, ஆவணி மொய் 2,000 போக 11,078 நிற்கும். தீபாவளிக்கு நினைத்தது 14,000. முதல் வருடம் இப்படி 2,922 குறையத்தான் செய்யும். போனஸ் வந்தால் அதிலிருந்து எடுக்கலாம். வராவிட்டால் பட்டாசைக் குறைத்து, பெரியவர்கள் துணியைப் பொங்கலுக்குத் தள்ளிவைக்கவும். ஆர்டியை உடைக்க வேண்டாம்.